முன்பக்கம் திறக்கிற சட்டை

பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற அந்தக் கூடத்தில் அவளைக் கட்டிங் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். துணியை மேசைமேல் அடுக்கடுக்காக விரித்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, வெட்டித் தருவது அவள் வேலை. அவளைவிட வயசில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். அவளிடம் வாய் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பிப் போனவர்கள் அங்கே கிடையாது. சம்பளம் கொடுக்கிற முதலாளியம்மாவே அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வெட்டு மேசைப் பக்கம் வருவார்.

அப்படிப்பட்டவளையும் கண்ணில் விரலை விட்டு ஆட்டிய ஒருத்தி இருந்தாள். அவள் பெற்ற ஒரே பெண். பள்ளிக்கூடத்தில் அதற்கு லட்சணமான ஒரு பேர் உண்டு. கூடத்தில் எல்லோருக்கும் அவள் சுண்டெலி. சாயங்காலம் அவள் அப்பா தன் பள்ளிக்கூட வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டால் போதும், மெஷின்களுக்கு அடியில் புகுந்து புகுந்து துண்டுத்துணி பொறுக்குவாள். அவரவர் நடக்கிற மாதிரி நடந்து காட்டுவாள், முதலாளியம்மா உள்பட. கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். எட்டு வயசில் அவளுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். பார்க்காத வைத்தியம் இல்லை. ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தார்கள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது? செத்துப்போனாள்.

பெற்றவளுக்கு எல்லாம் போய்விட்டது, சரி. ஆனால் ஒன்று மட்டும் தொண்டையில் சிக்கிக்கொண்டு இறங்கவே இல்லை. வார்டில் ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் ஒரு சின்னப் பலகை இருக்கும். அதில் பிள்ளையின் பேரை எழுதிவைப்பார்கள். சுண்டெலி போன அன்றைக்குக் காலையில் இவர்கள் பை கட்டி முடிப்பதற்குள் ஆயா ஈரத்துணியோடு வந்து, சுண்டெலியின் பேரை ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு அடுத்த பேரை எழுதினாள். ஆயாமேல் தப்பில்லை. வெளியே நடையில் இன்னொரு பிள்ளை அம்மா மடியில் கிடந்து முனகிக்கொண்டிருந்தது. அதெல்லாம் கட்டிங் அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தால் மட்டும் ஆறிவிடுமா? அந்த வார்டையே கலகலக்க வைத்தவளின் பேர் ஒரு ஈரத்துணியோடு போய்விட்டதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அந்த இடத்தில் தன் மகள் பேரை நாலு பேர் சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சட்டை யோசனை, பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற பெண்ணுடையது. சுண்டெலி ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஊசிக்கு அழமாட்டாள், சட்டை மாற்றத்தான் அழுவாள். மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். பனியனைத் தலைவழியாகக் கழற்றினால் அந்தக் குழாய் இழுபடும். அதற்காகக் கட்டிங் அக்கா முன்பக்கம் முழுசாகத் திறக்கிற மாதிரி, தோளிலும் பிரஸ் பட்டன் வைத்து, குழாய் வெளியே வர ஓரத்தில் வழி விட்டு, ஒரு சட்டை வெட்டினாள். பிள்ளையைப் புரட்டாமலே மாட்டலாம், கழற்றலாம். பக்கத்துக் கட்டில் அம்மாக்கள் எங்களுக்கும் எங்களுக்கும் என்று கேட்டார்கள். அப்போது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இப்போது அந்தச் சட்டையையே நிறையத் தைத்து அந்த வார்டுக்குக் கொடுத்தால் என்ன என்றாள் காஜாப் பெண்.

கூடமே பிடித்துக்கொண்டது. முதலாளியம்மா துணி தந்தார், அதுவும் கழித்துக்கட்டின துணி இல்லை, குழந்தை உடம்புக்கு உறுத்தாத நல்ல பருத்தி. தெருமுனைக் கடைக்காரர் பட்டன் தந்தார். வேனில் பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோர் நூலுக்கும் பெட்டிக்கும் ஆளுக்கொரு பங்கு போட்டார்கள். வீட்டில் ஆயிரம் வேலை கிடக்க, பெண்கள் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. இஸ்திரி போடுகிறவர் வாயைத் திறந்தால் வம்பைத் தவிர வேறொன்றும் வராது. அவர்கூட ஒரு சட்டையைத் தேய்க்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னவென்று கேட்டதற்கு ஆவி அடித்துவிட்டது என்றார்.

கட்டிங் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு சட்டையிலும் மகளின் பேரை நூலால் போட வேண்டும், கீழே 'நினைவாக' என்று. யாரும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. யோசிக்கத் தோன்றினால்தானே? வருஷக்கணக்காக யூனிஃபார்ம் தைத்த கைகள். சட்டை என்றால் இடது நெஞ்சில் பள்ளிக்கூடத்தின் பேர் ஏற வேண்டும், அது ஏறாத சட்டை அங்கே முடிந்த சட்டை இல்லை. அந்தப் பழக்கத்தில், அதே இடத்தில், சுண்டெலியின் நிஜப் பேரைப் பளிச்சென்ற சிவப்பு நூலில் எம்ப்ராய்டரி மெஷினில் ஓட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தூரத்திலிருந்தே படிக்கலாம்.

முதல் தடவை கொடுக்கப் போனபோது அவள் போகவில்லை. அந்த மாடிப்படியில் ஏற அவளுக்குக் கால் வரவில்லை. அவள் வீட்டுக்காரரும் முதலாளியம்மாவும் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். வேன்காரர் ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்று ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார். வார்டு சிஸ்டர் மகள் பேரைத் தடவிப் பார்த்தார் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உடனே இன்னொரு தடவை, இன்னும் பெரிசாக என்று பேச்சுக் கிளம்பியது. இந்த முறை மேடை போட்டு, சுண்டெலி படத்தை ஆள் உயரத்துக்கு வைத்து, நாலு பெரிய மனிதர்களைக் கூப்பிட்டு என்று முதலாளியம்மா கற்பனையில் எங்கேயோ போய்விட்டார்.

இரண்டாம் தடவைக்குத் தைத்ததில் பாதிச் சட்டைகளில் பேர் ஏறியாகிவிட்டது. சின்ன அளவு இன்னும் வேண்டுமா என்று வார்டில் கேட்டுவர ஓர் ஆள் போக வேண்டியிருந்தது. கட்டிங் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தானே கிளம்பினாள். உள்ளுக்குள் ஆசையும் இருந்தது, பொய் என்ன? மகள் பேரைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருப்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

கட்டில்களில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கிருந்த பிள்ளைகள் ஒன்று வீட்டுக்குப் போயிருக்கும், இல்லையென்றால் சுண்டெலி போன இடத்துக்கு. சட்டைகள் இருந்தன. அவள் வெட்டிய கழுத்து, அவள் வைத்த தோள்பட்டன், அநேகமாக எல்லாப் பிள்ளைகள் மேலும். ஆனால் சுண்டெலி படுத்திருந்த அந்தத் தூணோரத்துக் கட்டிலில் இப்போது இருந்த பெண்ணுக்கு இடது நெஞ்சில் அகலமாகப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பாவம், குழாயை இந்தப் பக்கம் மாற்றினார்களோ என்று பதறிப்போனாள். அடுத்த கட்டில் பையனுக்கும் அதே இடத்தில் பிளாஸ்திரி. அதற்கடுத்த பிள்ளைக்கும். இன்னொன்றுக்குச் சட்டையை உள்புறம் வெளியே வரத் திருப்பி மாட்டியிருந்தார்கள். அப்புறம்தான் அவள் புத்திக்கு எட்டியது. பிளாஸ்திரி பிள்ளைகள் உடம்பில் இல்லை. சட்டைமேல், பேருக்குமேல்.

சுர்ரென்று ஏறியது அவளுக்கு. எவள் செய்த வேலை இது, சிஸ்டரா ஆயாவா, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று திரும்பினாள். ஜன்னலோரத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பையன், மொட்டைத்தலை, முகத்தில் கண்ணைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. அவன் அம்மா சலவையிலிருந்து வந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பிளாஸ்திரிச் சுருளைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தாள். அந்த வார்டில் அம்மாக்களுக்குச் சொந்தப் பேர் கிடையாது, கட்டில்தான் பேர். இவள் ஜன்னல்கட்டில் அம்மா.

அதை எதற்கு மறைக்கிறாய் என்று கட்டிங் அக்கா கேட்டாள். குரலை அடக்கித்தான் கேட்டாள். ஜன்னல்கட்டில் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். இவளும் உள்ளே ஏதோ ஒரு கட்டிலுக்கு வந்தவள் என்று நினைத்திருக்க வேண்டும். பையன் காதில் விழாமல், கைகழுவுகிற தொட்டிப் பக்கம் இவளைத் தள்ளிக்கொண்டு போனாள். இந்தச் சட்டை மாதிரி ஓர் உபகாரம் வேறெதுவும் இல்லை, வெட்டின கை நல்லா இருக்கணும் என்று முதலில் வாழ்த்தினாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆனா அக்கா, அது யாரோ செத்துப்போன பிள்ளையோட பேரு. 'நினைவாக'ன்னு போட்டிருக்கு பாருங்க. அதை எப்படி என் பிள்ளை நெஞ்சுல மாட்டிவிடுவேன்? அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். 'இது யாரும்மா, இவங்க இப்ப எங்க'ன்னு கேக்கறான். நான் என்னத்தைச் சொல்ல?"

கட்டிங் அக்கா தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கையைக் கழுவ ஆரம்பித்தாள். ஒரு கூடத்தையே வாயால் ஓட்டுகிறவள்.

"பெத்தவளை நினைச்சா எனக்கும் பாவமாத்தான் இருக்கு," என்றாள் ஜன்னல்கட்டில் அம்மா. "ஆனா அவளுக்கே தெரியவேணாமா? அவளும் இங்கதானே கெடந்திருப்பா?"

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவளும் இங்கேதான் கிடந்தாள். பக்கத்துக் கட்டில் ராத்திரியோடு காலியானால், காலையில் சுண்டெலி கேட்பதற்கு முன்னால் ஏதாவது கதை ஜோடித்து வைத்திருப்பாள். சுண்டெலிக்கு எவராவது இப்படி ஒரு சட்டையைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால் இவள் பிளாஸ்திரி தேடிக்கொண்டிருக்கமாட்டாள், நீட்டியவர் மூஞ்சியிலேயே விட்டெறிந்திருப்பாள். அப்போது தெரிந்தது இப்போது எங்கே போயிற்று? சாவு பிள்ளையை மட்டுமா தூக்கிக்கொண்டு போகிறது, புத்தியையும் சேர்த்தல்லவா வாரிக்கொண்டு போய்விடுகிறது. கேட்க வந்த அளவைக்கூடக் கேட்காமல் அவள் படியிறங்கினாள்.

மறுநாள் கூடத்தில், எல்லோரும் இருக்கும்போதே, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். தைத்ததில் இருக்கிற பேரைப் பிரித்துவிடப் போகிறேன், இனி ஒரு சட்டையிலும் போட வேண்டாம் என்றாள். பேரே இல்லாமல் கொடுத்தால் யாருக்காகக் கொடுத்தோம் என்று இருக்கும் என்று பட்டன் கடைக்காரர் இழுத்தார். வேன் பெற்றோரில் சிலர் விலகிக்கொண்டார்கள். எங்கள் பிள்ளையோடு வேனில் வந்த பெண்ணுக்காகச் செய்தோம், யாருக்கோ செய்ய எங்களுக்கென்ன வந்தது என்றார்களாம். யாருக்கோ. அங்கே நெஞ்சில் குழாயோடு படுத்திருக்கிறதெல்லாம் யாரோவாம். செத்த பிள்ளைக்கென்றால் கை நீளும், சாகாமல் கிடக்கிற பிள்ளைக்கென்றால் கை மடங்கிக்கொள்ளும், என்ன மனிதர்களோ.

அவர்களை விடுங்கள். பெண்ணைப் பெற்ற தகப்பன் வாசலில் வேன் சாவியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பேசவே பேசாத மனிதர், கூடத்தின் நடுவுக்கு வந்தார்.

"அவளோடதுன்னு மிச்சம் இருந்தது அந்தப் பேர் ஒண்ணுதான். அதையும் உன் கையாலயே பிரிக்கப் போறியா?"

"பிரிக்கத்தான் போறேன்," என்றாள் அவள்.

அதற்கப்புறம் அவர் அவளோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் பொங்கியதைத் தின்றுகொண்டு, தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

முதலாளியம்மா இரண்டு நாள் யோசித்தார். மேடையும் வேண்டாம், ஆளுயரப் படமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், படம் வைத்தால் கதை வார்டுவரை போகுமே. ஆனால் துணி அவருடையதாயிற்றே. இடது நெஞ்சு எப்படியும் சும்மாத்தான் இருக்கப்போகிறது, நம்ம கம்பெனி முத்திரையைச் சின்னதாகப் போட்டுவிட்டால் பார்க்கவும் லட்சணமாக இருக்கும், ஊசி ஓட்டை தெரியாமலும் மறைந்துவிடும் என்றார். கேட்டுக்கொண்டிருந்த காஜாப் பெண்ணுக்கு உடம்பு கூசிப்போனது. கட்டிங் அக்கா இப்போது முதலாளியம்மாவை நார்நாராகக் கிழிக்கப் போகிறாள் என்று எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். அவள் கிழிக்கவில்லை. போடுங்கள் என்றாள். கம்பெனி முத்திரையைப் பார்த்து எந்தப் பிள்ளையும் இவங்க இப்ப எங்க என்று கேட்காது. இல்லை என்று சொன்னால் துணி வராது. துணி வராவிட்டால் அந்த மொட்டைத்தலைப் பையனின் பனியனைத் தலைவழியாகத்தான் இழுக்க வேண்டும்.

பேரைப் பிரிக்க ஒத்தாசைக்கு வந்தவர்களை அவள் கிட்டேயே சேர்க்கவில்லை. சாப்பாட்டு நேரங்களில் வெட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து பிரித்தாள். மெஷினில் அடித்த எழுத்து லேசில் வராது. சட்டையைத் திருப்பி, உள்பக்க நூலைக் கொக்கிக் கத்தியால் துளித்துளியாக அறுத்து, மறுபடி வெளிப்பக்கம் திருப்பி, நகத்தால் நிமிண்டி இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் துணி கிழியும். முதல் எழுத்து வந்தால் அடுத்த எழுத்து, அது முடிந்தால் அடுத்த சட்டையில் திரும்ப முதல் எழுத்து. மகளை ஒரு தடவை சாகக் கொடுத்தது போதாதென்று சட்டைக்குச் சட்டை கொடுத்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிக்காரர் ஒவ்வொன்றையும் வாங்கி, ஆவி காட்டி, விரலால் நீவி, ஊசி ஓட்டைகளைக் கூட்டித் தந்தார். வம்பு பேசவில்லை. மிச்சம் மீதி தெரிந்ததை முத்திரை மூடிக்கொண்டது.

கொடுக்கப் போன அன்று வேன்காரர் பெட்டிகளை ஏற்றினார், ஓட்டினார், ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துகொண்டார். வார்டு ஆட்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேலே போனார்கள். கட்டிங் அக்கா வெறுங்கையோடு பின்னால் போய் ஓரமாக நின்றாள். அந்தப் பெட்டிகளுக்கும் அவளுக்கும் சம்பந்தம் உண்டென்று யாருக்கும் தெரியவில்லை.

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தவள் ஜன்னல்கட்டில் அம்மாதான். ஒரு சட்டையை எடுத்து உதறி, இடது நெஞ்சைப் பார்த்தாள். அப்பாடா என்று மூச்சு விட்டாள். அந்தக் கம்பெனிக்காரர்கள் குடும்பத்தோடு நல்லா இருக்கணும் என்று வாயார வாழ்த்திக்கொண்டே போய், பையனுக்கு அங்கேயே மாட்டிவிட்டாள். அவன் முனகக்கூட இல்லை. குழாய் இழுபடவே இல்லை. அதைப் பார்த்ததும் கட்டிங் அக்காவுக்கு ஒரு நிமிஷம் எல்லாம் சரியென்றுதான் பட்டது. கிளம்பியிருக்கலாம். அதற்குள் ஜன்னல்கட்டில் அம்மா இவளைப் பார்த்துவிட்டு, அடையாளம் தெரிந்து சிரித்தாள்.

"அன்னிக்கும் பாத்தேன் உங்களை. உங்க பிள்ளை எந்தக் கட்டில் அக்கா?"

வார்டில் இதைக் கேட்காத அம்மா இல்லை. பையன் புதுச் சட்டையோடு தலையணையில் சாய்ந்து இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த சிஸ்டரும் நின்றுவிட்டார். சுண்டெலி போன காலையில் பக்கத்தில் இருந்தவர், அவருக்கு எல்லாம் தெரியும்.

"தூண்கட்டில்," என்றாள் கட்டிங் அக்கா. "முன்னாடி இருந்தா. இப்ப வீட்டுல இருக்கா."

அப்படி ஒரு முகத்தை அவள் அந்த வார்டில் பார்த்ததில்லை. ஜன்னல்கட்டில் அம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நல்லாயிடுச்சா, இங்கேயிருந்தேவா, முழுசாவா என்று மூச்சு விடாமல் கேட்டாள். முழுசா நல்லாயிட்டா, பள்ளிக்கூடம் போகிறாள் என்றாள் கட்டிங் அக்கா. முகத்துக்கு நேரே உண்மையைப் போட்டு உடைத்தே பேர் வாங்கினவள், இந்தப் பொய் அவள் வாயில் தடங்கலே இல்லாமல் வந்தது. அந்த அக்காவுக்கு முடி வந்திடுச்சா என்றான் பையன். வந்திடுச்சு, வாரிவிடுவதற்குள் என் உசிரை வாங்குகிறாள் என்றாள். அவன் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"அவங்க பேர் என்ன?"

அந்தப் பேர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்றுதானே இத்தனையும் செய்தாள்? ஆனால் இவன் எழுத்துக் கூட்டிப் படித்தவன். அந்தப் பேர் யாருடையது என்று இவனுக்குத் தெரியும். விழுங்கிக்கொண்டாள்.

"சுண்டெலி."

பையன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குச் சொன்னான். சுண்டெலின்னு ஒரு அக்காவாம், தூண்கட்டிலாம், நல்லாயிட்டாங்களாம். அது அதற்கடுத்த கட்டிலுக்குப் போனது. தூண்கட்டில் பெண் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, என் கட்டில்லயா, என் கட்டில்லயா என்று கேட்டாள். வார்டு முழுக்க அந்தப் பேர்தான். அவள் ஆசைப்பட்டதைவிட அதிகமாகவே சொன்னார்கள். சிஸ்டர் மட்டும் மருந்துப் பாட்டில்களைப் பார்த்தபடி தலையைத் தூக்காமல் நின்றார்.

"ஒரு நாள் கூட்டிட்டு வாங்க அக்கா," என்றாள் ஜன்னல்கட்டில் அம்மா. பிடித்த கையை அவள் இன்னும் விடவில்லை. "நல்லானவங்க ஒருத்தரையாவது எங்க பிள்ளைங்க கண்ணால பாக்கட்டும்."

"கூட்டிட்டு வரேன்," என்றாள் அவள்.

"எப்போ?" என்று கேட்டான் பையன்.